இதெ, ஐத்தெ, ஐத்தி, அத, உண்டு

பெங்களூரில் நாலு வருஷம் காய்கறிக்காரரிடமும் வீட்டு ஓனரம்மாவிடமும் பேசிப் பேசியே கன்னடம் கற்றுக்கொண்டவன் நான். நன்றாகப் பேசுகிறோம் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. வட கர்நாடகத்து ஹூப்ளிக்கு மாற்றல் வந்த முதல் வாரமே அது போயிற்று.

டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "குந்தர்ரீ" என்றார். விழித்தேன். பெஞ்சைத் தட்டிக் காட்டிய பிறகுதான் உட்காரச் சொல்கிறார் என்று புரிந்தது. பெங்களூரில் "கூத்கொள்ளி" என்றே கேட்டுப் பழகிய காது. இத்தனைக்கும் நம்ம ஊர் "குந்து"தான் அது, எனக்கு உறைக்க நாலு நாள் ஆயிற்று. அடுத்து "ஊட்டா ஆத்தேன்ரீ?" என்றார், சாப்பாடு ஆயிற்றா என்று. நான் என் பெங்களூர்க் கன்னடத்தில் நீட்டி முழக்கிப் பதில் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீவு டீவ்யாக மாத்தாடிதங்க மாத்தாட்தீரல்ரீ" என்றார். டிவியில் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்களே என்று அர்த்தம். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் பெங்களூர் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்த கலபுரகிக்காரர் நினைவுக்கு வந்தார். வீட்டிலிருந்து போன் வந்தால் எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விடுவார். ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மீட்டிங்கில் அவர் வாய்தவறி "ஹ்யாங்க" என்றார். எப்படி என்று அர்த்தம், "ஹேகெ" என்றிருக்க வேண்டுமாம். ஒருவர் அதை அப்படியே இழுத்துச் சொல்லிக்காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்த தமிழன், கன்னடத்திலேயே பிறந்து வளர்ந்தவரின் கன்னடத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"இருக்கிறது" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஆபீஸிலும் பாடப்புத்தகத்திலும் "இதெ". அதே பெங்களூரிலிருந்து மண்டியா பக்கம் இறங்கி வயல்காட்டில் கேட்டால் "ஐத்தெ". தார்வாடில் "ஐத்தி". கலபுரகி, பீதர் போனால் "அத". மங்களூரில் "உண்டு", நம்ம உண்டேதான். இதில் முதலாவது மட்டும் "சுத்தக் கன்னடம்", மற்றதெல்லாம் கொச்சை என்று யார் முடிவு செய்தது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி பம்பாய், ஹைதராபாத், மதராஸ் ராஜ்யங்களில் சிதறிக் கிடந்த கன்னட மாவட்டங்களும் குடகும் மைசூரோடு சேர்ந்தன. தலைநகர் பெங்களூர். செயலகம் அங்கே, பெரிய பத்திரிகைகள் அங்கே, பிற்பாடு சினிமாவும் டிவியும் அங்கே. அந்த வட்டாரத்துப் படித்தவர் பேச்சு மேடை ஏறியது. மற்றவர்கள் பேச்சு காமெடி டிராக்குக்குப் போனது. என் கணக்கில் விஷயம் அவ்வளவுதான், இலக்கணத்துக்கு இதில் வேலையே இல்லை.

இலக்கணம் என்று வந்தால் கதை தலைகீழ். கன்னடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலே கவிராஜமார்க்கம் என்ற கவிதை இலக்கண நூல்தான். ராஷ்டிரகூட மன்னன் நிருபதுங்க அமோகவர்ஷன் அவையில், கி.பி. 850 வாக்கில் எழுந்தது. கன்னடத்தின் சாரம் வழங்கும் நிலம் என்று அது எல்லை கட்டும்போது கிசுவொளல், கொபண, புலிகெரெ, ஒங்குந்த என்று நாலு ஊரைச் சொல்கிறது. கிசுவொளல் இன்றைய பட்டதகல், கொபண இன்றைய கொப்பள, புலிகெரெ இன்றைய லக்ஷ்மேஷ்வர். எல்லாமே வடக்கு! "ஐத்தி" என்பவர்களின் ஊர்கள்! மைசூர் பக்கத்து ஊர் ஒன்றுகூட இல்லை.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. வட்டார வழக்குகள் வேறு வேறாகக் கிடப்பதால், கன்னடங்களில் உள்ள குற்றங்களை எண்ணிச் சொல்லப் புகுந்தால் பாம்பரசன் வாசுகிக்கே சலித்துப்போகுமாம். "கன்னடங்கள்" என்று பன்மையில்தான் எழுதியிருக்கிறது. நம்முடைய அதே "கள்" விகுதி.

ஊர் மட்டும் பிரிப்பதில்லை, சாதியும் பிரிக்கிறது. 1950களில் பேச்சுக் கன்னடத்தை ஆராய வந்த அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் பிரைட், ஒரே வட்டாரத்தில் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் எங்கே பிரிகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார். "இதெ"யும் "ஐத்தெ"யும் அவர் காட்டிய வேறுபாடுகளில் ஒன்று. எதற்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ஹ" விவகாரம் தனி. மைசூர், மண்டியா கிராமங்களில் "ஹ" உதிர்ந்துவிடும், "ஹாலு" (பால்) "ஆலு" ஆகும். பறவை "ஹக்கி", அரிசி "அக்கி", அங்கே இரண்டும் ஒன்று. திருத்திப் பேசப் பயந்து, இல்லாத இடத்தில் "ஹ" போடுகிறவர்களும் உண்டு. "ஆதரத ஸ்வாகத" (அன்பான வரவேற்பு) என்பதை ஒருவர் "ஹாதரத ஸ்வாகத" என்றுவிட்டதாக ஒரு பழைய ஜோக். ஹாதர என்றால் கள்ளத்தொடர்பு. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த "ஹ"வே இடையில் வந்ததுதானே? பழங்கன்னடத்தில் ஹாலு "பால்", நம்ம பாலேதான். ப போய் ஹ வந்ததை மொழி வளர்ச்சி என்கிறோம், அந்த ஹ போனதை மட்டும் பட்டிக்காடு என்கிறோம்.

எனக்குப் பிடித்தது கரையோரம். மங்களூர்க்காரர்களில் பலருக்கு வீட்டில் துளு, கொங்கணி, பியாரி. கன்னடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. அதனால்தானோ என்னவோ ஒவ்வோர் எழுத்தையும் முழுசாக உச்சரித்து "எந்த்த மாராய்ரே" (என்ன சாமி) என்பார்கள். கொஞ்சம் வடக்கே குந்தாபுரத்தில் கன்னடமே வீட்டு மொழி. அங்கே "போவோம்" என்பது "ஹோப". அந்த ஹ-வை ப ஆக்கிப் பாருங்கள், தமிழ் எட்டிப் பார்க்கும். ஹவ்யகர் என்ற பிராமணச் சமூகத்தின் கன்னடத்தில் இன்னும் விசேஷம். நம்முடைய நாம், நாங்கள் வித்தியாசம் பொதுக் கன்னடத்தில் இல்லை, இரண்டுக்கும் "நாவு"தான். ஹவ்யகர்களிடம் அது பிழைத்திருக்கிறது. எதிராளியையும் சேர்த்தால் "நாவு", அவரை விட்டுவிட்டால் "எங்கொ".

"கொச்சையில் இலக்கியம் வருமா?" என்று யாராவது கேட்டால் கவிஞர் பேந்த்ரேயைச் சொல்லுங்கள். தார்வாட்காரர், வீட்டில் பேசியது மராத்தி, கவிதை எழுதியதோ தார்வாட்டுத் தெருக் கன்னடத்தில். 1973-க்கான ஞானபீடம் அவருக்கு வந்தது. நஞ்சன்கூடு பக்கத்துப் பேச்சில் தேவனூர மகாதேவ எழுதிய "குசுமபாலெ" நாவலைக் கன்னடர்களே திணறித்தான் படித்தார்கள், அதற்கு 1990-இல் சாகித்ய அகாதமி கிடைத்தது.

இங்கே என் நட்பு வட்டத்தில் வீட்டில் கன்னடம் பேசுகிற தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோவை, சேலம் தேவாங்கர் வீடுகள், தாளவாடி, ஓசூர், கம்பம் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட கன்னடம் படிக்காதவர்கள்தான் பாதிப் பேர். உங்கள் அம்மா, "சோறு இருக்கிறது, சாப்பிடு" என்பதை எப்படிச் சொல்வார்கள்? இதெயா, ஐத்தெயா, இந்த ஐந்திலும் சேராத வேறொன்றா? கமெண்டில் எழுதுங்கள். திருத்தாமல், அம்மா சொல்கிறபடியே.