வீட்டுக்குள் நடக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கு இணையத் திட்டம் காரணமன்று

வணக்கம். கணினியிலிருந்து கைப்பேசிக்கு வைஃபை வழியாகப் படங்கள் மெதுவாகச் செல்வதற்கு நம் சுங்கை சிப்புட் தோட்டப்புற இணைய இணைப்பே காரணம் என்றும், கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்றும் ஓர் அன்பர் எழுதியுள்ளதைப் பலர் பகிர்ந்து வருகிறார்கள். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் தகவல் சரியன்று.

இரு கருவிகளும், வீட்டுக்குள் வைஃபை தரும் ஒரே ரௌட்டருடன் இணைந்திருக்கும்போது, கோப்பு கணினியிலிருந்து ரௌட்டருக்கும் அங்கிருந்து கைப்பேசிக்கும் செல்கிறதே தவிர, வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. ஒரே அலைவரிசையில் இருமுறை காற்றில் பயணம் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகளில், அண்டை வீட்டு ரௌட்டர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பங்கிட்டுக்கொள்வதால் அது மேலும் குறையும்.

இதை எவரும் சோதிக்கலாம். இணையத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் மோடமும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால், இரண்டையும் இணைக்கும் வடத்தைக் கழற்றிவிட்டு, நேரடியாக அனுப்பும் செயலியில் அதே கோப்பை மீண்டும் அனுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையமே இல்லாதபோதும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். பிறகு கணினியை மட்டும் லேன் வடத்தால் ரௌட்டருடன் இணைத்து, கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பினால் வேறுபாடு தெரியும். ஒரு ரிங்கிட்கூடக் கூடுதல் கட்டணம் தேவையில்லை.

கூகுள் டிரைவ், வாட்ஸ்அப் வழியாக அனுப்புபவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கோப்பு உண்மையிலேயே இணையத்தில் ஏறி இறங்குகிறது.