கியூவுல நிக்கிறேன் லா, என் இடத்த மட்டும் அழிக்காதீங்க

நேத்து ஈப்போவுல பேக்டரி ஷிப்ட் முடிஞ்சி சுங்கை சிப்புட் வந்து குளிச்சி சாப்ட்டு எட்டரைக்கு லேப்டாப்ப தொறந்து நான் வெளையாடுற ஆன்லைன் கேமுக்குள்ள போக பாத்தா, கியூவுல என் இடம் 3,812. புது அப்டேட் வந்த முதல் வாரம், கூட்டம் இருக்கும்னு தெரியும், அதுல கோவமில்ல. எங்க தோட்டத்து பக்கம் பைபர் இன்டர்நெட் இன்னும் வரல, ஹேண்ட்போன் ஹாட்ஸ்பாட்தான், ஹேண்ட்போன ஜன்னல் கம்பியில ரப்பர் பேண்ட் போட்டு கட்டுனாதான் ரெண்டு கோடு காட்டும். பத்தே முக்காலுக்கு 406. அப்ப பாத்து இடி மழை, லைன் ஒரு அரை நிமிஷம் போயிட்டு வந்துச்சி, மறுபடி லாகின் பண்ணா 4,150. காலைல அஞ்சு மணிக்கு பேக்டரி பஸ், மூடி வெச்சிட்டு படுத்துட்டேன், தூக்கம் வரல.

கேம் ஓடுற மெஷின், அதான் சர்வர், அத இன்னும் அதிகமாக்குனா போதும்னு நெறைய பேரு சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. முதல் மாசத்து கூட்டம் நிலைக்காது. 2021 செப்டம்பர்ல நியூ வேர்ல்ட்னு ஒரு ஆன்லைன் கேம் வந்தப்ப ஒரு சர்வருக்கு சுமார் 2,000 பேருதான், வெளிய பெரிய கியூ, அவசரமா புது சர்வரா தொறந்துகிட்டே போனாங்க, அப்புறம் ஆளு கொறைஞ்சி ஒன்னோட ஒன்னு சேக்க வேண்டியதா போச்சி. ஆளில்லாத ஊர்ல யாரு வெளையாடுவா? அதே வருஷம் டிசம்பர்ல ஃபைனல் ஃபேண்டஸி 14ங்கிற கேமுக்கு எண்ட்வாக்கர்னு புது பாகம் வந்தப்ப கம்ப்யூட்டர் சிப் தட்டுப்பாடு, நெனச்ச நேரத்துல சர்வர் மெஷின் கெடைக்கல, அவங்க கேம் விக்கிறதையே கொஞ்ச நாள் நிறுத்துனாங்க, சந்தா கட்டுனவங்களுக்கு முதல்ல 7 நாள், அப்புறம் இன்னும் 14 நாள் இலவசமா குடுத்தாங்க. இத நான் மரியாதைன்னு சொல்வேன்.

என் ஆத்திரம் எல்லாம் லைன் போனா இடமும் போற அந்த முறை மேலதான். இதனால கியூ இன்னும் நீளமாதான் ஆகுது. 2024ல ஹெல்டைவர்ஸ் 2ங்கிற கேம்ல ஒரே நேரத்துல 450,000 பேருன்னு வரம்பு வெச்சப்ப, வெளிய வந்தா திரும்ப நொழைய முடியாதுன்னு பயந்து ஜனங்க கேம அப்படியே ஓட விட்டுட்டு தூங்க போனாங்க, அப்புறம் சும்மா நிக்கிறவங்கள தானா வெளியேத்துற மாதிரி மாத்துனாங்க. இடம் பத்திரமா இருக்கும்னு நம்பிக்கை இருந்தா யாரு இப்படி புடிச்சி வெச்சிக்க போறா?

எங்க ஊரு அரசாங்க கிளினிக்ல அம்மாவ கூட்டிட்டு போனா நம்பர் எடுத்துட்டு வெளிய தேத்தண்ணி குடிக்க போவோம், திரும்பி வர்றதுக்குள்ள நம்பர் தாண்டி போயிருந்தாலும் மிஸ்ஸி, அதான் நர்ஸ், சீட்ட பாத்துட்டு, உக்காருங்க, அடுத்து நீங்கன்னு சொல்லுவாங்க. திரும்ப கடைசிக்கு போய் நில்லுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஒரு சீட்டு செய்யிற வேலைய ஒரு சர்வர் செய்யக்கூடாதா? லைன் போனா ஒரு பத்து நிமிஷம் என் பேர்ல அந்த எடத்த வெச்சிருங்க, அவ்ளோதான் கேக்குறேன். கோலாலம்பூர்ல பைபர் வெச்சிருக்குறவனுக்கு இந்த கஷ்டம் தெரியாது, தோட்டத்து பிள்ளைங்களுக்குதான் ஒவ்வொரு மழைக்கும் இப்படி ஆவுது.

இன்னிக்கும் மலை பக்கம் இருட்டிகிட்டு வருது. ஹேண்ட்போன ஜன்னல்ல கட்டியாச்சி. இப்ப 2,960.