அனுரோக்னாதஸ் பறவைக்கு மூதாதை இல்லைங்க

மேல ஒரு கமெண்ட்ல, பூச்சி புடிச்சு தின்ன அனுரோக்னாதஸ் ஒரு குட்டி டைனோசர், அதுல இருந்துதான் பறவைங்க வந்துச்சுன்னு இருக்கு, நிறைய பேர் ஷேரும் பண்றாங்க. அது டெரோசார்ங்க (பறக்குற ஊர்வன வகை), டைனோசருக்கு சொந்தக்கார கூட்டம்தான் ஆனா பறவைங்க வந்த கிளை வேற. நீங்களே செக் பண்ணலாம், 1923ல டோடர்லைன்ங்கிற விஞ்ஞானி பேர் வச்ச அந்த ஜெர்மனி ஃபாசில் போட்டோவ எடுத்து றெக்கைய மட்டும் பாருங்க, நாலாவது விரல் மட்டும் அவ்ளோ நீளமா இருக்கும், அதுதான் றெக்கை தோல தாங்குது. அதே ஜெர்மனியோட சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லுல கெடச்ச ஆர்க்கியோப்டெரிக்ஸ்ங்கிற ஆதிகாலப் பறவை படத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க, கையில மூணே விரல், கை நெடுக இறகு பதிஞ்சிருக்கும், ரெண்டு றெக்கையும் வேற வேற அமைப்புன்னு அதுலயே தெரியும்.