முதுகு ஊசி: தொற்றுக்கு ஒரு வரி போதாது

முதுகுவலிக்காகத் தண்டுவட உறைக்கு வெளியே (எபிடியூரல்) போடும் ஸ்டீராய்டு, அதாவது வீக்கம் குறைக்கும் மருந்து ஊசியைப் பற்றிய கட்டுரை, தொற்று "மிக அரிது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அரிதுதான். ஆனால் நம் மொரிசியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவர்களுக்கு அபாயம் கூடுதல். ஸ்டீராய்டும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, குத்தும் இடத்தில் புண்ணோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

ஊசி போடுபவர் முகக்கவசம் அணிய வேண்டும். வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தண்டுவட நீருக்குள் போய் மூளைக்காய்ச்சல் வந்ததுண்டு. தோலில் பூசும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால் முழுதும் காயவேண்டும். ஈரத்திலேயே குத்தினால் கிருமியும் சரியாகச் சாகாது, அந்த மருந்து நரம்பையும் கெடுக்கலாம். ஒருவருக்கான குப்பியை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு குப்பிகளால் 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். குப்பியே கெட்டிருந்ததால், போட்டவர் கை சுத்தமாக இருந்தும் பலனில்லை.

வீடு திரும்பிய பிறகு, சில வாரங்கள் கழித்துக்கூட, வலி புதிதாகக் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ தண்டுவடத்தை அழுத்தக்கூடிய எபிடியூரல் சீழ்க்கட்டியாக இருக்கலாம். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அன்றே எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும்.