கல் அல்லது வேறு ஏதாவது

பாலைவன முகாமில் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு நாலு சிப்பாய்கள் ஆட்டம் போடும் வீடியோ வந்தால் போதும், உடனே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். சாவின் வாசலிலும் சிரிக்கும் மாவீரர்கள் என்று ஒன்று. இதற்குத்தான் சம்பளமா என்று இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. கடல் கடந்து போன சிப்பாயின் கிண்டலுக்கும் வீரத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அது சலிப்பில் முளைப்பது.

போர் என்றதும் நமக்குக் குண்டுச் சத்தம் நினைவுக்கு வருகிறது. போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். காவல் கோபுரத்தில், சாப்பாட்டு வரிசையில், தொலைபேசிக்கு முன்னால். எப்போது தூங்குவது, எதைத் தின்பது, எப்போது ஊர் திரும்புவது, எதுவும் அவன் கையில் இல்லை. எதிர்த்துப் பேசினால் தண்டனை. மிச்சம் இருப்பது நக்கல் ஒன்றுதான்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1980களிலிருந்து எம்ஆர்இ என்ற பொட்டல உணவு கொடுக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 1,250 கலோரி. அடுப்பு வேண்டாம், கூடவே வரும் பையில் மக்னீசியமும் இரும்பும் கலந்த தூள் இருக்கும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பிச் சூடாகிவிடும். ஆனால் பையைச் சாய்வாக வைக்க வேண்டும். எதன் மேல்? விளக்கப் படத்தில் ஒரு கல்லை வரைந்து, பக்கத்தில் "கல் அல்லது வேறு ஏதாவது" என்று எழுதிவிட்டார்கள்! பூட்ஸ் கயிற்றை எப்படிக் கட்டுவது என்பதற்குக்கூட விதி வைத்திருக்கும் ராணுவம் இந்த ஒரு இடத்தில் மட்டும் கையை விரித்துவிட்டதில் சிப்பாய்களுக்கு அப்படியொரு சந்தோஷம். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதே பொட்டலத்தில் ஒரு காலத்தில் சார்ம்ஸ் என்ற மிட்டாயும் வரும். மரைன் படையினர் அதைத் தொட மாட்டார்கள். எலுமிச்சை மிட்டாய் தின்றால் வண்டி படுத்துவிடும், பச்சை மிட்டாய் தின்றால் மழை, ராஸ்பெர்ரி என்றால் சாவு. கோடி கோடியாகக் கொட்டிச் செய்த கவச வண்டியில் உட்கார்ந்துகொண்டு மிட்டாய்க்குப் பயப்படுகிறார்கள்!

அப்புறம் கழிப்பறை. ராணுவ நகைச்சுவையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. வியட்நாமிலும் ஈராக்கிலும் பாதி வெட்டிய பீப்பாயில் சேர்ந்த மலத்தை வெளியே இழுத்து, எரிபொருள் ஊற்றிக் கொளுத்தி, முழுவதும் எரியும்வரை கம்பால் கிளறிக்கொண்டே நிற்பது ஒரு முறைவேலை. ஆப்கானிஸ்தானின் கந்தகார் விமானதளத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் கழிவு போய்ச் சேர ஒரு குளமே இருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவே கனடாக்காரர்கள் 2006-இல் தங்கள் ஊர் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையைத் திறந்தார்கள், ஹாக்கி ஆட ஒரு திடலும் அமைத்தார்கள். இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கத்தான் தனிப் பயிற்சி வேண்டும்.

புதிதாக வந்தவனை இல்லாத பொருளைத் தேடி அலைய விடுவதும் உண்டு. வேதிப்பொருளில் ஒளிரும் குச்சிக்கு பேட்டரி வாங்கி வா என்பார்கள். வரைபடத் தாளில் அச்சாகியிருக்கும் கட்டங்களை ஒரு பெட்டி எடுத்து வா என்பார்கள். அவன் ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் கேட்பான். எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "இங்கே தீர்ந்துவிட்டது, அடுத்த கூடாரத்தில் கேள்" என்பார்கள்.

 

சரி, சிப்பாய் அடிக்கும் எல்லா ஜோக்கையும் ரசிக்க வேண்டுமா? மாட்டேன். 2004-இல் வெளியான, ஈராக்கின் அபு கிரைப் சிறைப் படங்களிலும் அமெரிக்கச் சிப்பாய்கள் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. சார்ஜென்ட்டையும் சோற்றையும் கிண்டல் செய்வது வேறு, கைதியை அவமானப்படுத்திப் படம் எடுப்பது வேறு. அந்நியப் படை வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரனுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கேளுங்கள், ஆடினானா பாடினானா என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

தன் மேலிடத்தைப் பார்த்துச் சிரிப்பவனை விட்டுவிடலாம். முதல் உலகப் போரில், 1916-இல், பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாடுகளில் பிரிட்டிஷ் படையினருக்கு ஒரு அச்சு இயந்திரம் கிடைத்தது. அதில் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்று ஒரு பத்திரிகையை அடித்தார்கள் (ஈப்ர் அவர்கள் வாயில் வைப்பர்ஸ் ஆகிவிட்டது). போர் நன்றாகப் போகிறது என்ற நினைப்போடு காலையில் எழுகிறீர்களா, அப்படியானால் உங்களுக்கு ஒரு நோய் இருக்கிறது, எங்களிடம் மருந்து உண்டு என்கிற தோரணையில் போலி விளம்பரம் போட்டார்கள். ஆசிரியரே ஒரு கேப்டன்தான். ஆங்கில 'இ', 'ஒய்' அச்சுகள் போதாமல், ஒரு பக்கத்தை அடித்து முடித்துப் பிரித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடிந்தது. பீரங்கிக் குண்டு விழுந்து அந்த இயந்திரம் போனதும் இன்னொன்றைத் தேடிப் பிடித்து அடுத்த இதழைக் கொண்டுவந்துவிட்டார்கள்.