66ஏ போனது உண்மை, மற்றது தவறு
அண்ணா, "66ஏ ரத்தாகிவிட்டது, இனி யாரைப் பற்றியும் எதையும் போடலாம், போலீஸ் தொட முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இணையத்தில் புண்படுத்தும்படி எதையாவது போட்டால் சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுதான் 66ஏ; 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012இல் ஒரு ட்வீட்டுக்காக நம் புதுச்சேரிக்காரர் ஒருவரே அந்தப் பிரிவில் கைதானார். அது ஒழிந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் அதே தீர்ப்புதான், கருத்துக்காக வாதாடுவது வேறு, தூண்டிவிடுவது வேறு என்றும் பிரித்தது. மதம், சாதி, மொழியின் பெயரால் பகை மூட்டினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. புகார் வராவிட்டாலும் போலீசே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

அப்புறம், நீங்கள் பகிர்ந்த ஆடியோ. வீதியின் பெயரைச் சொல்லி, அங்கிருப்பவர்களை அடித்து விரட்டச் சொல்கிறது. என் அம்மாவுக்கு ரவிக்கை தைக்கும் பாய் கடை அங்கேதான் இருக்கிறது. நேற்று பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்திருந்தார். இதுவா பேச்சுரிமை? அரசையோ ஒரு கொள்கையையோ எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் விமர்சியுங்கள், உங்கள் பக்கம் நானும் நிற்பேன். அந்த ஆடியோவை இன்றே எடுத்துவிடுங்கள்.