ஸ்டென்ட் போட்டுப் படுத்திருக்கவன்கிட்ட பீர் வைத்தியம் பேசாதீங்க

இன்னிக்கும் ஒருத்தர் வந்துட்டார். மாமா முறை. கிட்னிக் கல்லை எடுத்துட்டு, கிட்னியிலேர்ந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய்க்குள்ள டீஜே ஸ்டென்ட்னு ஒரு மெல்லிசு டியூபை வச்சிருக்காங்க, அதோட ஒருக்களிச்சுப் படுத்துக் கிடக்கேன். போட்டவங்களுக்குத் தெரியும். ஒன்னுக்குப் போய் முடிக்கிற நேரத்துல விலாவுக்குக் கீழே சுருக்குன்னு ஏறும் பாருங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். டிஸ்சார்ஜ் பண்றப்போ "கொஞ்சம் எரிச்சல் இருக்கும்"னாங்க. இதுவா கொஞ்சம்?

மாமா "எப்படிப்பா இருக்கே"ன்னுகூடக் கேக்கலை. செருப்பைக் கழட்டும்போதே, "தக்காளி நிறையச் சாப்பிடுவியோ? அந்த விதைதான் உள்ளே போய்க் கல்லாகுது."

விதை குடலுக்குப் போகும், கிட்னிக்கு எந்த வழியாப் போகும்? எனக்கு எடுத்தது கால்சியம் ஆக்ஸலேட். முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கல்லுதான். தண்ணி பத்தாம மூத்திரம் கெட்டியாகிப் படியறது. சொன்னேன். உடனே பிடிச்சுக்கிட்டார்: "கால்சியம்தானே? பாலை நிறுத்து, தயிரை நிறுத்து!" டாக்டர் நேர் எதிரா சொல்லியிருக்கார். சாப்பாட்டுல வர்ற கால்சியம்தான், கீரை மாதிரி அயிட்டத்துல இருக்கிற ஆக்ஸலேட்டைக் குடல்லயே பிடிச்சு வெளியே தள்ளிடும், கால்சியத்தைக் குறைச்சா கல்லு கூடத்தான் செய்யும், உப்பைக் குறை, பசலைக்கீரையைக் குறைன்னு. "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு கையை வீசிட்டார்.

எந்திரிச்சு பாத்ரூமுக்கு ஓடினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறார். அம்மாவுக்குக் கேக்காம குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பீர் அடி. பிச்சுக்கிட்டு வந்துரும்."

என்ன வரும்? கல்லைத்தான் லேசர் வச்சு உடைச்சு எடுத்தாச்சே! அவர் மச்சானுக்கு பீர்லயே வந்துருச்சாம். 5 மி.மீ.க்குள்ள இருந்தா பெரும்பாலும் தானாவே வெளியே வந்துரும், பச்சைத்தண்ணி குடிச்சாலும் வந்திருக்கும். எனக்கு 7 மி.மீ., குழாயில அடைச்சுக் கிட்னியே வீங்கிப்போச்சு. அதுக்கும் பீர், இதுக்கும் பீரா? குடிச்சு உடம்புல தண்ணி வத்தினா அடுத்த கல்லுக்கு யார் பொறுப்பு? ராத்திரி தரையில உருண்டப்போ இந்த வைத்தியருங்க ஒருத்தர்கூடப் பக்கத்துல இல்லை.

கடைசியா வாழைத்தண்டு. அம்மா காலையிலேயே ஒரு சொம்பு கொடுத்தாச்சு. அதுவும் பத்தாதாம்.

தண்ணி குடி, தண்ணி குடின்னு ஊரே சொல்லுது. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். சரி, குடிக்கிறேன். குடிச்சுட்டு பஸ்ல ஏறினா எங்கே போறது? பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசல்ல காசு வாங்க ஆள் இருக்கு, உள்ளே கால் வைக்க முடியலை. எங்க அக்கா வேலைக்குக் கிளம்பினா வீடு திரும்புற வரைக்கும் தண்ணி பாட்டிலைத் தொடமாட்டா. அவ மட்டுமில்லை, அவகூட வேலை பாக்குற பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான். இந்த வெயில்ல! கல்லு வராம என்ன செய்யும்? தக்காளியைத் திட்டுறீங்களே, அந்தக் கக்கூஸைக் கழுவி வைக்க ஒருத்தருக்காவது துப்பிருக்கா?